வண்டியை மாடிஃபை செய்யும் முன்: எந்த நாட்டில் எது செல்லும், எப்படிப் பார்ப்பது

காரின் முன் கதவுக் கண்ணாடி வழியாக 25 சதவீத வெளிச்சம் உள்ளே வந்தால் டெக்சாஸில் போதும். ஃபுளோரிடாவில் 28 வேண்டும். அதே காரை நியூயார்க்குக்கு ஓட்டிப் போனால் 70 கேட்பார்கள். மூன்றும் ஒரே நாட்டு மாநிலங்கள். மலேசியாவில் 2019 மே மாதத்திலிருந்து முன் கதவுக் கண்ணாடிக்கு 50, பின்னால் எவ்வளவு கறுப்பாக வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் முன்னால் 70, பின்னால் 25.

அதனால் "இந்த மாடிஃபிகேஷன் சட்டப்படி சரியா?" என்று யாராவது கேட்டால், "எங்கே ஓட்டுகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. யாரோ ஒருவர் வீடியோவில் சைலன்சரை மாற்றிவிட்டு "இது லீகல்தான்" என்று சொல்லும்போது அவர் ஊரில் அது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் ஊரில் அதே சைலன்சருக்கு வண்டியைப் பிடித்து வைப்பார்கள்.

ஒவ்வொரு நாட்டின் பட்டியலையும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தின் குணத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: பதிவுச் சான்றை எடுத்து முழுதாகப் படியுங்கள்

இந்தியாவில் ஆர்.சி., பிரிட்டனில் வி5சி, மற்ற இடங்களில் வேறு பெயர். எதுவானாலும் அந்தக் காகிதம் உங்கள் வண்டியை வர்ணிக்கிறது: எஞ்சின் எண், சேசிஸ் எண், எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள், நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை, எடை, உடலமைப்பு. நீங்கள் செய்யப்போகும் மாற்றம் இதில் ஒரு கட்டத்தையாவது பொய்யாக்குமா என்று பாருங்கள். பொய்யாக்கும் என்றால் அது வெறும் அலங்காரம் இல்லை. பதிவு அலுவலகம் வரை போக வேண்டிய விஷயம். பெட்ரோல் காரில் கேஸ் கிட் போடுவது, வேனில் சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கை அமைப்பது, கறுப்பு வண்டியைச் சிவப்பாக்குவது எல்லாம் இந்த வகை.

பலர் கோட்டைவிடுவது நிறத்தில்தான். எஞ்சினை மாற்றினால் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பெயின்ட் மாறினாலும் சொல்ல வேண்டும் என்பது தோன்றுவதில்லை. பிரிட்டனில் நிறம் மாறினால் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், இந்தியாவிலும் ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும்.

படி 2: உங்கள் நாட்டுச் சட்டத்தின் குணம் என்ன?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. நான் பார்த்தவரை நாடுகள் ஐந்து விதமாக யோசிக்கின்றன.

முதல் விதம், "தயாரித்தவர் கொடுத்தபடியே இருக்கட்டும்" என்பது. இந்தியா இந்தப் பக்கம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே உறுதிசெய்தது. விலக்குகள் உண்டு: அங்கீகரிக்கப்பட்ட கிட் வைத்து சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு மாறுவது, அனுமதி பெற்று எஞ்சினை மாற்றுவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பது. இவற்றுக்கு வெளியே இருப்பவை சிக்கல்தான். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு" என்ற சொல்லைக் கவனியுங்கள். நான்கு மாற்றம் என்றால் நான்கு முறை. முன்னால் மாட்டும் பம்பர் கார்டுகூட 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது.

இரண்டாவது, "ஒவ்வொரு பாகத்துக்கும் காகிதம் காட்டு" என்பது. ஜெர்மனி இதற்குச் சரியான உதாரணம். அங்கே நிறைய மாற்றலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். மூன்று காரணங்களில் ஒன்று நடந்தால் வண்டியின் இயக்க அனுமதியே காலாவதியாகிவிடும்: வண்டியின் வகை மாறுவது, மற்றவர்களுக்கு ஆபத்து வரும் வாய்ப்பு, புகையோ சத்தமோ கூடுவது. அலாய் வீல் வாங்கினால் அதனுடன் ஏ.பி.ஈ. என்ற பொது அனுமதித் தாள் வரும். அதில் எந்தெந்த மாடலுக்கு, எந்த டயர் அளவோடு, என்ன நிபந்தனையோடு போடலாம் என்று இருக்கும். நிபந்தனைகள் பொருந்தினால் தாளை வண்டியில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். பொருந்தாவிட்டால் டியூவ், டெக்ரா போன்ற பரிசோதனை நிறுவனத்திடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நமக்கு இது கெடுபிடியாகத் தெரியும். ஆனால் தாள் கையில் இருந்தால் வழியில் நிறுத்தும் போலீஸ்காரரோடு வாதாட வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

மூன்றாவது, "இவ்வளவு மாறினால் பரவாயில்லை" என்பது ஜப்பானின் வழி. 1995இல் விதிகளைத் தளர்த்தியபோது அளவில் சலுகை கொடுத்தார்கள்: நீளத்தில் 3 செ.மீ., அகலத்தில் 2 செ.மீ., உயரத்தில் 4 செ.மீ. கூடினாலோ குறைந்தாலோ பதிவை மாற்ற வேண்டாம். எடையில் சிறிய கார்களுக்கு 50 கிலோ. இதைத் தாண்டினால் கட்டமைப்பு மாற்றம் என்று தனிப் பரிசோதனை. குறிப்பிட்ட சில துணைப் பாகங்களுக்கு இந்த எல்லையிலும் விலக்கு இருக்கிறது. தனியார் காருக்கு முதலில் மூன்று ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் வரும் ஷாக்கென் பரிசோதனையில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையில் 9 செ.மீ. இருக்க வேண்டும் என்பதால், காரைத் தாழ்த்துபவர்கள் அதைத்தான் முதலில் அளக்கிறார்கள்.

நான்காவது, "பொறியாளர் கையெழுத்துப் போட்டால் சரி" என்பது. ஆஸ்திரேலியாவில் வி.எஸ்.பி. 14 என்ற தேசிய நெறிமுறை இருக்கிறது. சின்ன மாற்றங்களை அதன் எல்லைக்குள் நீங்களே செய்யலாம். பெரியவற்றுக்கு அங்கீகாரம் பெற்றவர் பார்த்துச் சான்று தர வேண்டும். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் சான்றிதழ், குவீன்ஸ்லாந்தில் வண்டியிலேயே பதிக்கும் தகடு. மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயரும்போது இந்த வித்தியாசம் தலைவலி தரும்.

கடைசி வகை, "என்ன வேண்டுமானாலும் செய், இந்த எல்லைகளைத் தாண்டாதே" என்பது. பிரிட்டனும் அமெரிக்க மாநிலங்களும் பெரும்பாலும் இப்படி. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டின் கட்டுமான, பயன்பாட்டு விதிகள் எல்லைகளைச் சொல்கின்றன. ஆண்டுதோறும் எம்.ஓ.டி. பரிசோதனை அவற்றில் பலவற்றைச் சோதிக்கிறது. எம்.ஓ.டி. தேறிவிட்டால் எல்லாம் சட்டப்படி சரி என்று நினைப்பது தவறு. அந்தப் பரிசோதனை பார்க்காத விதிகளும் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கை. பாதுகாப்பு அம்சம் ஒன்றைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற மத்திய விதி தயாரிப்பாளர், டீலர், பழுதுபார்க்கும் கடை போன்றவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது; சொந்த வண்டியில் தானே கைவைக்கும் உரிமையாளரை அல்ல. ஆனால் புகை விஷயத்தில் அந்தத் தப்பிக்கும் வழி இல்லை. தூய காற்றுச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும்.

படி 3: பாகத்தின் மேல் இருக்கும் முத்திரையைப் பாருங்கள்

வாங்கும் முன் பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அது ஐ.நா.வின் 1958 ஒப்பந்தப்படி கொடுத்த அனுமதி. எண், அனுமதி தந்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். 4ஐ விட 1 தரமானது என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது தரவரிசை இல்லை.

சைலன்சரில் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. எந்த மாடலுக்கு அந்த அனுமதி என்று கூட வரும் தாளில் பார்க்க வேண்டும். வேறு பைக்குக்கு அனுமதி வாங்கிய சைலன்சர் உங்கள் பைக்கில் அனுமதி இல்லாத சைலன்சர்தான்.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயரைத் தாங்கிய டி.ஓ.டி. முத்திரை வேறு ரகம். அது தயாரிப்பாளர் தானே கொடுத்துக்கொள்ளும் உறுதி. அரசு முன்கூட்டிச் சோதித்துத் தருவதில்லை. கலிஃபோர்னியாவில் எஞ்சின், புகை தொடர்பான பாகம் என்றால் 'கார்ப்' என்ற மாநிலக் காற்று வள வாரியம் தரும் ஈ.ஓ. எண் (அனுமதி ஆணை எண்) வேண்டும். அந்த ஸ்டிக்கரை பானெட்டுக்குள் ஒட்டச் சொல்வார்கள். பரிசோதனைக்கு வருபவர் அதைத்தான் தேடுவார்.

அட்டைப்பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் "போட்டிக்கு மட்டும்", "சாலைக்கு அல்ல" என்று இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. திரும்ப வைத்துவிடுங்கள்.

படி 4: ஊகிக்காமல் கணக்குப் போடுங்கள்

டயரை எடுத்துக்கொள்வோம். காரில் வந்தது 195/55 ஆர்16: அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், வீல் 16 அங்குலம். நீங்கள் 17 அங்குல வீலுக்கு 205/50 ஆர்17 போட ஆசைப்படுகிறீர்கள். ஓர் அங்குலம்தானே, என்ன பெரிய வித்தியாசம்?

பழைய டயர்: 195இல் 55 சதவீதம் 107.25 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 214.5. வீல் 16 அங்குலம், அதாவது 406.4. மொத்த விட்டம் 620.9 மி.மீ.

புதியது: 205இல் பாதி 102.5, இரண்டு பக்கமும் 205. வீல் 431.8. மொத்தம் 636.8.

வித்தியாசம் 15.9 மி.மீ. ஆஸ்திரேலியாவின் வி.எஸ்.பி. 14 சாதாரணக் காருக்கு 15 மி.மீ.க்கு மேல் பெரிதாகக் கூடாது என்கிறது. முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடித்துவிட்டது! 205/45 ஆர்17 எடுத்தால் விட்டம் 616.3, கிட்டத்தட்ட பழைய அளவே. கண்ணுக்கு இரண்டு வீலும் ஒன்றுதான்.

இது ஆஸ்திரேலியாவோடு நிற்கவில்லை. விட்டம் இரண்டரை சதவீதம் கூடினால் ஸ்பீடோமீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும். ஐ.நா.வின் 39ஆம் விதியின்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைத்து அனுப்புவதால் பலருக்கு இது தெரியாமல் போகிறது.

கண்ணாடி ஃபிலிமிலும் இதே கதைதான். நானும் ஒரு முறை "70 சதவீத ஃபிலிம்" என்று கடையில் சொன்னதை அப்படியே நம்பி ஒட்டியிருக்கிறேன். கண்ணாடியே முழு வெளிச்சத்தை விடுவதில்லை என்பது அப்போது தோன்றவில்லை. கம்பெனிக் கண்ணாடி 78 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 70 சதவீத ஃபிலிம் போட்டால் கிடைப்பது 54.6. எழுபது கேட்கும் ஊரில் நிச்சயம் தோல்வி. அங்கே 90க்கு மேல் விடும் ஃபிலிம் வேண்டும். அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்பதால் ஒட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1985 ஏப்ரல் 1 முதல் ஓடத் தொடங்கிய வண்டிகளுக்கு முன் கண்ணாடி 75, முன் கதவுக் கண்ணாடிகள் 70. பின்னால் கட்டுப்பாடு இல்லை. இந்தியாவில் முன், பின் கண்ணாடிகளுக்கு 70, பக்கவாட்டுக்கு 50 என்பது விதி. ஆனால் எவ்வளவு வெளிச்சம் விட்டாலும் ஃபிலிமே ஒட்டக் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு விதி திருத்தப்பட்டு, தரநிலைக்கு உட்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி அமைப்புக்கு, அதாவது உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடிக்கும், இடம் வந்தது. அதை வைத்து 2024இல் கேரள உயர் நீதிமன்றம் ஃபிலிமுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. இரண்டு தீர்ப்பும் தெரியாமல் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடப் போகாதீர்கள்.

படி 5: மூன்று இடங்களில் கூடுதல் கவனம்

ஹெட்லைட். ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. அல்லது எச்.ஐ.டி. (செனான் வகை) பல்பைச் சொருகுவதுதான் உலகத்திலேயே அதிகம் நடக்கும் சட்டமீறல் என்பது என் அபிப்பிராயம். உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான், ஹாலஜன் இழை எரியும் அந்தக் குறிப்பிட்ட புள்ளிக்காக வடிவமைக்கப்பட்டது. வெளிச்சம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பிறந்தாலும் கதிர் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். உங்களுக்குச் சாலை பளிச்சென்று தெரிவதால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். பிரிட்டனில் 1986 ஏப்ரல் 1 முதல் ஓடும் கார்களில் ஹாலஜன் விளக்கை இப்படி மாற்றினால் எம்.ஓ.டி. தேறாது. ஜெர்மனியில் 2020இல் ஓர் எல்.ஈ.டி. மாற்று பல்புக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது; அதுவும் பட்டியலில் உள்ள மாடல்களுக்கு மட்டும். முன்னால் சிவப்பு, எங்கேயும் மினுங்கும் நீலம் என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் உரியவை அவை.

சத்தம். கலிஃபோர்னியாவில் 6,000 பவுண்டுக்குக் கீழான கார்களுக்கு 95 டெசிபல் எல்லை. பிரிட்டனின் விதி எண்ணோடு நிற்பதில்லை: சத்தம் கூடும்படி சைலன்சரை மாற்றுவதே குற்றம். இந்தியாவில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் பரப்பி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

புகை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையோ டீசல் வண்டியின் புகை வடிகட்டியையோ கழற்றுவது நான் அறிந்த எந்த நாட்டிலும் சாலைக்குச் சரிப்படாது. பிரிட்டனில் 2014 பிப்ரவரியிலிருந்து வடிகட்டி இல்லாத டீசல் வண்டி எம்.ஓ.டி.யில் தோற்கும், காருக்கு 1,000 பவுண்டு வரை அபராதம். மென்பொருளை மாற்றினால் யார் கண்டுபிடிப்பார்கள் என்ற காலமும் போய்விட்டது. கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை முதல் புகைப் பரிசோதனையின்போதே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

வண்டியைத் தூக்குவதிலும் சில ஊர்களில் தனிச் சட்டம் வந்துவிட்டது. முன்பக்கத்தை மட்டும் வானத்தைப் பார்க்கத் தூக்கிவிடும் மோகம் பரவியதால், முன் மட்கார்டு பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் குற்றம் என்று வட கரோலினா 2021 டிசம்பர் முதல் அறிவித்தது. நம்பர் பிளேட்டைப் பற்றி ஒரே வரி: எழுத்துரு, அளவு, சாய்வு எதிலும் கைவைக்காதீர்கள்.

படி 6: இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லுங்கள்

வேலையைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது. மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சட்டப்படி முழுக்கச் சரியான மாற்றமாக இருந்தாலும், சொல்லாமல் விட்டால் பணம் நிற்கும். பிரிட்டனில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவனக்குறைவாகச் சொல்லாமல் விட்டிருந்தால் இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாம். வேண்டுமென்றே மறைத்திருந்தால் மொத்தமாக மறுக்கலாம். இந்தியாவில் மூன்றாம் நபருக்கான தொகையைக் கட்டச் சொல்லி, அதை உங்களிடமிருந்து வசூலிக்கும் வழியை நீதிமன்றங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் திறந்துவிட்டிருக்கின்றன. உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கிடைக்காமல் போவது வேறு.

வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். அப்புறம் வாரன்டி. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு வாரன்டி சட்டம் உங்கள் பக்கம்: வெளிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரன்டியை ரத்துசெய்ய முடியாது, அந்தப் பாகம்தான் கோளாறுக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். மற்ற நாடுகளில் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் இதை எதிர்பார்க்காதீர்கள்.

படி 7: வரிசை மாறாமல் செய்யுங்கள்

அனுமதி, பொருத்துதல், பரிசோதனை, பதிவு. இதுதான் வரிசை. பொருத்திவிட்டு அனுமதி கேட்கப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கேஸ் கிட் என்றால் அங்கீகாரம் பெற்ற கடையின் ரசீதும் கிட்டின் அனுமதி எண்ணும் இல்லாமல் பதிவு அலுவலகம் தொடாது. இந்தியாவில் பெட்ரோல், டீசல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் கிட், ஏஐஎஸ்-123 தரநிலைப்படி தேறியதாக இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றம் நடந்துவிட்டிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் 52ஆம் பிரிவு சொல்கிறது.

பொருத்திய அன்றே வண்டியின் கீழே படுத்து ஒரு தடவை பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா, பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். பரிசோதகர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

படி 8: எல்லை தாண்டும்போதும் விற்கும்போதும்

எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் வைத்து, நகலை வண்டியிலும் போட்டுவையுங்கள். பக்கத்து நாட்டுக்கோ மாநிலத்துக்கோ போகும் முன் அங்குள்ள கண்ணாடி, விளக்கு விதிகளை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். வழியில் நிறுத்துபவர் கண்ணில் முதலில் படுவது அவைதான். குடிபெயர்ந்து மறுபதிவு செய்வதாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் புதிதாகக் காட்ட வேண்டியிருக்கும். விற்கும்போது மாற்றங்களை எழுத்தில் கொடுத்து வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஜப்பானில் ஷாக்கென் நெருங்கும்போது பழைய சைலன்சரையும் ஸ்பிரிங்கையும் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக்கு மட்டும் மாட்டுவது குறுக்கு வழி, அதைச் சொல்லித்தரவில்லை. ஆனால் குறைபாட்டு நோட்டீஸ் கையில் கிடைத்து, பத்து நாளுக்குள் சரிசெய்து காட்டு என்று சொல்லும்போது, பரணில் இருக்கும் அந்தப் பெட்டிதான் கைகொடுக்கும். பெட்டியின் மேல் எந்த வண்டியுடையது, எந்தத் தேதியில் கழற்றியது என்று மார்க்கரால் எழுதி, போல்ட்டுகளை ஒரு பையில் கட்டி உள்ளேயே போட்டுவையுங்கள்.